பங்கா, கடனா, முன்பணமா: பாசி நிறுவனம் ஒன்றின் முதல் ஒரு கோடி

மண்டபத்தில் விசைப்படகு வைத்திருக்கும் ஒருவரிடம் "படகு முழுக்க உங்களுடையதுதானா?" என்று கேட்டால், ஆவணத்தின்படி ஆம் என்றே பதில் வரும். அந்தப் படகு கரைக்குக் கொண்டுவரும் மீனை யாருக்குக் கொடுக்க வேண்டும், என்ன விலைக்குக் கொடுக்க வேண்டும் என்று அடுத்த கேள்வியைக் கேட்டால்தான், வலை வாங்கவும் எஞ்சின் வேலை பார்க்கவும் முன்பணம் கொடுத்த வியாபாரியின் பெயர் வெளியே வரும். பெயரளவில் நூறு சதவீதம் இருந்தும் விலை சொல்லும் உரிமை இல்லாத உடைமை எங்கள் கரையில் புதிதன்று. புதிதாக நிறுவனம் தொடங்கிய இளைஞர்கள், முதலீடு வாங்கினால் தங்கள் பங்கு எத்தனை சதவீதம் குறையும் என்பதை மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டு என்னிடம் வரும்போதெல்லாம் எனக்கு அந்தப் படகு நினைவுக்கு வந்துவிடுகிறது.

இராமநாதபுரத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கணக்குத் தணிக்கை செய்து வருகிறேன். என்னிடம் வருபவர்களில் பெரும்பாலோர் ஐஸ் ஆலை, கருவாடு, இறால், குண்டு மிளகாய் மண்டி என்று பழகிய தொழில்களை நடத்துபவர்கள். சென்ற ஆண்டு வந்த இருவர் அப்படியில்லை. ஒருவர் மண்டபத்துப் படகுக் குடும்பத்துப் பிள்ளை. மற்றவர் உச்சிப்புளிக்காரர், வேதியியல் படித்தவர். கடற்பாசியைப் பிழிந்து அதன் சாற்றிலிருந்து பயிர் ஊக்கி தயாரிப்பது அவர்கள் தொழில். ஆளுக்குப் பாதிப் பங்கு. அவர்களுக்குத் தேவைப்பட்டது 1 கோடி ரூபாய். முதலீட்டாளர் ஒருவர் நிறுவனத்தை 4 கோடி என்று மதிப்பிட்டு, அந்த ஒரு கோடியைப் பங்காகத் தருவதாக எட்டுப் பக்க டெர்ம் ஷீட் (முதலீட்டு நிபந்தனைகளின் முன்வரைவு) அனுப்பியிருந்தார். "இருபது சதவீதம்தானே சார், மீதி எண்பது எங்ககிட்டதானே இருக்கப்போகுது" என்றார் மண்டபத்துக்காரர். அது எண்பது இல்லை என்று காட்டுவதற்கே அன்று மாலை முழுதும் சரியாக இருந்தது. அவர்களை அடையாளம் காண முடியாதபடி விவரங்களையும் தொகைகளையும் இங்கே மாற்றியிருக்கிறேன். கணக்கு முறையை மாற்றவில்லை.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் தொழிலின் இயல்பைச் சொல்லியாக வேண்டும். ஏனென்றால் எந்தப் பணம் தகும் என்பதை அதுவே பாதி தீர்மானித்துவிடுகிறது. அவர்கள் பயன்படுத்துவது கப்பாபைகஸ் என்னும் பாசி. குளிர்பான நிறுவனம் ஒன்று 2000ஆம் ஆண்டை ஒட்டி இக்கரையில் அதை ஒப்பந்த முறையில் வளர்க்க வைத்ததால், இன்றும் பலருக்கு அது 'பெப்சி பாசி'தான். பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி மூங்கில் மிதவையில் விதைப்பாசியைக் கட்டிவிட்டால் ஏறத்தாழ 45 நாளில் அறுவடைக்கு வரும். காயவைத்தால் பத்துக் கிலோ பச்சைப் பாசி ஒரு கிலோவாகச் சுருங்கிவிடும். வாடைக் காலத்தில் பாக் நீரிணைப் பக்கம் மிதவை நிற்காது; கச்சான் என்னும் தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மன்னார் வளைகுடாப் பக்கம் அதே கதை. 2013ஐ ஒட்டிய ஆண்டுகளில் கடல் வெப்பமும் நோயும் சேர்ந்து பாசியைப் பெருமளவில் அழித்ததைப் பாசி கட்டும் பெண்கள் இன்னும் மறக்கவில்லை. ஆக, இவர்களுக்கு மூலப்பொருள் வருவது பருவத்துக்குப் பருவம் மாறும், வருமானமும் அப்படியே.

இன்னொன்று, பயிர் ஊக்கிகளை மத்திய அரசு 2021 பிப்ரவரியில் உரக் கட்டுப்பாட்டு ஆணையின் கீழ் கொண்டுவந்துவிட்டது. வயல் சோதனை, நச்சுத்தன்மைச் சோதனை ஆகியவற்றின் முடிவுகளோடு பதிவு செய்தால்தான் விற்க முடியும். எனவே இவர்களுடைய ஒரு கோடி இரண்டு வகைச் செலவாகப் பிரிகிறது. பிழியும் இயந்திரம், உலர்களம், தொட்டிகள் ஆகியவற்றுக்கு 60 லட்சம். இவை கண்ணுக்குத் தெரியும், தொழில் படுத்தாலும் விற்கலாம். சோதனை, பதிவு, பருவம் இல்லாத மாதங்களின் சம்பளம் ஆகியவற்றுக்கு 40 லட்சம். தொழில் படுத்தால் இதில் ஒரு பைசாவும் திரும்பாது. இந்தப் பிரிவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் மேலே படிக்க வேண்டும்.

முதலில், கையில் இருந்த டெர்ம் ஷீட். முதலீடு வாங்கும்போது நிறுவனர்கள் தங்கள் பங்கை எடுத்துக் கொடுப்பதில்லை. நிறுவனம் புதிய பங்குகளை வெளியிடுகிறது. பழைய எண்ணிக்கை அப்படியே இருக்க, மொத்தம் பெருகுவதால் விகிதம் குறைகிறது. மோரில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது என்று சொல்வார்கள். ஊற்றியது பணமாக இருந்து நிறுவனத்தின் மதிப்பும் கூடினால் அந்த உவமை பாதிதான் பொருந்தும். இவர்கள் இருவரிடமும் சேர்த்து 7,000 பங்குகள். 4 கோடி மதிப்பில் 1 கோடி என்றால் முதலீட்டுக்குப் பின் மதிப்பு 5 கோடி, முதலீட்டாளருக்கு ஐந்தில் ஒரு பங்கு. இதுவரை அவர்கள் கணக்கு சரி.

ஆனால் மூன்றாம் பக்கத்தில் ஒரு வரி இருந்தது. வருங்கால ஊழியர்களுக்காக, முதலீட்டுக்குப் பிந்தைய மொத்தத்தில் 10 சதவீதப் பங்குகளை ஒதுக்கி வைக்க வேண்டும். அந்த ஒதுக்கீடு முதலீட்டுக்கு முந்தைய மதிப்புக்குள்ளேயே அடங்கியிருக்க வேண்டும். நாட்காட்டித் தாள் ஒன்றின் பின்புறத்தில் எழுதிக் காட்டினேன். மொத்தம் 10,000 பங்குகள் என்று ஆக்கினால் முதலீட்டாளருக்கு 2,000, ஊழியர் ஒதுக்கீடு 1,000, நிறுவனர்களுக்கு அதே 7,000. பங்கொன்றின் விலை 1 கோடியை 2,000ஆல் வகுத்தால் 5,000 ரூபாய். அந்த விலையில் நிறுவனர்களின் 7,000 பங்குகளின் மதிப்பு மூன்றரைக் கோடி. நான்கு கோடி என்று பேசி முடித்த விலை, ஒரே வரியில் மூன்றரைக் கோடியாகிவிட்டது. ஒதுக்கீடு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. நல்ல வேதியியலாளர் ஒருவரை மண்டபத்துக்கு வரவழைக்கச் சம்பளம் மட்டும் போதாது. அடுத்த ஒன்றரை ஆண்டில் யார் யாரை வேலைக்கு எடுக்கப்போகிறீர்கள், ஒவ்வொருவருக்கும் எவ்வளவு என்று பட்டியல் போட்டுப் பாருங்கள் என்றேன். போட்டார்கள், ஐந்து சதவீதத்தைத் தாண்டவில்லை.

ஆக, ஆளுக்கு 35 சதவீதம். அடுத்த சுற்றில் நிறுவனம் 15 கோடி மதிப்பில் 5 கோடி திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். புதியவருக்கு நான்கில் ஒரு பங்கு போக, மற்ற எல்லோருடையதும் முக்காலாகக் குறையும்: நிறுவனர்கள் இருவரும் சேர்ந்து 52.5, முதல் முதலீட்டாளர் 15, ஊழியர் ஒதுக்கீடு 7.5. ஆளுக்கு 26.25 சதவீதம் என்பது கேட்பதற்கு வருத்தமாக இருந்தாலும், 20 கோடியில் அது ஐந்தேகால் கோடி; முன்பு 5 கோடியில் 35 சதவீதமாக இருந்தபோது ஒன்றேமுக்கால் கோடி. 'பெரிய பணியாரத்தில் சிறு துண்டு' என்று ஆலோசகர்கள் சொல்லும் வாதம் இதுதான். வாதம் பொய்யில்லை, ஆனால் அந்த ஐந்தேகால் கோடி கையில் இல்லை. அதைக் கொண்டு இராமநாதபுரத்தில் ஒரு செண்ட் நிலம்கூட வாங்க முடியாது.

அதிகாரத்தின் கணக்கு இன்னும் நுட்பமானது. கம்பெனிச் சட்டப்படி சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வாக்கு போதும். விதிமுறைகளைத் திருத்துவது போன்ற சிறப்புத் தீர்மானத்துக்கு எதிர்வாக்கைப் போல் மூன்று மடங்கு ஆதரவு வேண்டும். அதாவது நான்கில் ஒரு பங்குக்கு மேல் வைத்திருப்பவர் எதையும் நடத்த முடியாவிட்டாலும் தடுக்க முடியும். ஊழியர் ஒதுக்கீடு இன்னும் வெளியிடப்படாத பங்கு என்பதால் அதற்கு வாக்கில்லை. எனவே முதல் சுற்றுக்குப் பின் வாக்குக் கணக்கு 7,000க்கு 2,000, நிறுவனர்களிடம் 77.8 சதவீதம். இரண்டாம் சுற்றில் 3,333 புதிய பங்குகள் சேர்ந்ததும் அது 56.8ஆக இறங்கிவிடும், அன்றாட முடிவுகள் இவர்கள் கையில், அடிப்படை மாற்றங்கள் எல்லோர் கையிலும். இதுவும் சட்டம் தரும் குறைந்தபட்சம் மட்டுமே. டெர்ம் ஷீட்டின் ஐந்தாம் பக்கத்தில், முதலீட்டாளரின் எழுத்துமூலச் சம்மதமின்றிச் செய்யக் கூடாதவை என்று ஒரு நீண்ட பட்டியல் இருந்தது. பத்து லட்சத்துக்கு மேல் கடன் வாங்குவது, ஆண்டு வரவுசெலவுத் திட்டம், நிறுவனர்களின் சம்பளம் எல்லாம் அதில் அடக்கம். 20 சதவீதம் வைத்திருப்பவருக்கு அந்தப் பட்டியல் 100 சதவீதத் தடையுரிமையைத் தருகிறது. இருவரும் அந்தப் பக்கத்தைப் புரட்டியே பார்க்கவில்லை.

இனி, தொழில் சரிந்தால் என்ன ஆகும் என்பது. ஒரு பருவம் பாசி அழிந்து, அடுத்த சுற்றில் நிறுவனத்தை 3 கோடிக்குத்தான் மதிக்கிறார்கள், 2 கோடி திரட்டியாக வேண்டும் என்று வையுங்கள். பங்கு விலை 5,000லிருந்து 3,000 ரூபாய்க்கு இறங்குகிறது. பாதுகாப்பு விதி எதுவும் இல்லையென்றால் நிறுவனர்களுக்கு மீதி 42 சதவீதம். இவர்களுடைய டெர்ம் ஷீட்டிலோ, பிறகு யாருக்காவது குறைந்த விலையில் பங்கு கொடுத்தால் முதல் முதலீட்டாளருக்கும் அதே குறைந்த விலையில் கொடுத்ததாகக் கருதி எண்ணிக்கையைச் சரிக்கட்ட வேண்டும் என்று இருந்தது. முழு ராட்செட் என்பார்கள். அதன்படி அவருடைய 2,000 பங்குகள் 3,333 ஆகும், மொத்தம் 18,000 ஆகும், நிறுவனர்கள் 38.9 சதவீதத்துக்கு வந்துவிடுவார்கள். இதையே, குறைந்த விலையில் வந்த பணத்தின் அளவையும் கணக்கில் கொள்ளும் எடையிட்ட சராசரி முறையில் எழுதினால், அவருடைய விலை 4,200 ரூபாயாகத் திருத்தப்பட்டு 2,381 பங்குகள் மட்டுமே அவருக்கு ஆகும், நிறுவனர்களுக்கு 41.1 சதவீதம் நிற்கும். புதியவர் பணம் சிறு தொகையாக இருந்தால் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு இன்னும் கொடுமையாகத் தெரியும்: ஒரே ஒரு பங்கைக் குறைந்த விலைக்கு விற்றாலும் முழு ராட்செட் முழுதாக வேலை செய்யும், சராசரி முறை ஏறக்குறைய அசையாது.

விற்றுவிட்டு வெளியேறும் நாளுக்கும் ஒரு விதி உண்டு. நிறுவனம் 3 கோடிக்கு விலைபோகிறது. ஒதுக்கிய பங்குகள் எல்லாம் ஊழியர்களுக்குப் போய்விட்டன என்று வைத்துக்கொள்வோம். எல்லோரும் சரிசமம் என்றால் நிறுவனர்களுக்கு 2.10 கோடி. முதலீட்டாளர் தாம் போட்டதை முதலில் எடுத்துக்கொண்டு ஒதுங்கிக்கொள்வார் என்றால் 1.75 கோடி. போட்டதை முதலில் எடுத்துக்கொண்டு, மீதியிலும் தம் விகிதப்படி பங்கு கேட்பார் என்றால் 1.40 கோடி. மூன்றிலும் நிறுவனர்களின் சதவீதம் அதே எழுபதுதான். சதவீதத்தைப் பார்த்து ஒப்பந்தத்தை எடைபோடாதீர்கள் என்று நான் சொல்லும்போது நம்பாதவர்கள் இந்த மூன்று தொகைகளைப் பார்த்ததும் நம்பிவிடுகிறார்கள்.

இரண்டாவது வழி, இப்போது மதிப்பைப் பேசாமல் பணத்தை வாங்கிக்கொண்டு, அடுத்த சுற்றின்போது அதைப் பங்காக மாற்றிக்கொள்வது. மாற்றத்தக்க கடன்பத்திரம் என்றால், அங்கீகாரம் பெற்ற ஸ்டார்ட்அப் நிறுவனம் ஒருவரிடமிருந்து ஒரே தவணையில் குறைந்தது 25 லட்சம் வாங்க வேண்டும். பத்தாண்டுக்குள் பங்காக மாற்ற வேண்டும் அல்லது திருப்பித்தர வேண்டும். அமெரிக்காவில் ஒய் காம்பினேட்டர் 2013இல் அறிமுகப்படுத்திய சேஃப் ஒப்பந்தத்தை, கட்டாயம் பங்காக மாறும் முன்னுரிமைப் பங்கு என்ற வடிவில் இங்கே ஐசேஃப் என்று எழுதுகிறார்கள். காகிதம் குறைவு, வேகம் அதிகம், இன்றைக்குக் கையிலிருந்து எதுவும் போகாதது போன்ற நிம்மதி. அந்த நிம்மதியில்தான் எனக்கு அச்சம்.

காரணம் இது. பங்காக மாற்றும்போது நிறுவனத்துக்குப் போடக்கூடிய அதிகபட்ச மதிப்பை, அதாவது உச்சவரம்பை, முதலீட்டுக்குப் பிந்தையதாக எழுதும் முறையில், ஒருவர் 25 லட்சத்தை இரண்டரைக் கோடி வரம்பில் கொடுக்கிறார். ஆறு மாதம் கழித்து இன்னொருவர் 50 லட்சத்தை 5 கோடி வரம்பில். பிறகு மூன்றாமவரும் அப்படியே. ஒவ்வொன்றும் பத்துப் பத்துச் சதவீதம். மூன்று முறை பங்காகவே விற்றிருந்தால் பின்னால் வந்தவர் முன்னால் வந்தவரையும் சேர்த்துக் குறைப்பார், நிறுவனர்களுக்கு 72.9 நிற்கும். இந்த முறையில் மூவரும் ஒருவரையொருவர் குறைப்பதில்லை. முப்பதும் நிறுவனர்கள் தலையில்தான் விழும். பற்று எழுதாத கடையில் சாமான் வாங்குவது போல மாதக் கடைசியில்தான் தெரியவரும். அதனால் இவ்வழியில் போவதென்றால், ஒவ்வொரு கையெழுத்துக்கு முன்பும் எல்லாம் மாறிவிட்டதாகக் கொண்டு பங்குப் பட்டியலை எழுதிப் பார்க்க வேண்டும். அடுத்த சுற்று எட்டு அல்லது பத்து மாதத்தில் உறுதி என்பவர்களுக்கு இது தகும். பதிவுக்கே எத்தனை பருவம் ஆகும் என்று தெரியாத பாசி நிறுவனத்துக்கு அந்த உறுதி எங்கிருந்து வரும்?

மூன்றாவது, வங்கிக் கடன். இதில் பங்கு ஒரு துளியும் குறையாது. 1 கோடியை 11 சதவீத வட்டியில் ஐந்தாண்டுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 2.17 லட்சம், மொத்த வட்டி முப்பது லட்சத்துக்குச் சற்று மேல். நிறுவனம் 20 கோடி மதிப்புக்கு வளர்ந்துவிட்டால் முதலீட்டாளரின் 15 சதவீதம் 3 கோடி. அதே ஒரு கோடிக்கு வங்கிக்குக் கொடுத்த விலை முப்பது லட்சம்தான். வெற்றி பெறும் தொழிலுக்குக் கடனைவிட மலிவான பணம் கிடையாது. மாநில அரசின் நீட்ஸ் திட்டத்தில் தகுதி பெறும் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்குத் திட்ட மதிப்பில் 25 சதவீதம், அதிகபட்சம் 75 லட்சம் வரை மானியமும் 3 சதவீத வட்டிச் சலுகையும் உண்டு. சிறு தொழில்களுக்கான கடன் உத்தரவாத நிதியத்தின் வரம்பும் 2025 ஏப்ரலிலிருந்து 10 கோடியாக உயர்ந்திருக்கிறது. சொத்துப் பிணை இல்லாமல் கொடுக்க வங்கிக்கு வழி இருக்கிறது.

ஆனால் தவணைக்குப் பருவம் தெரியாது. நவம்பரில் வாடை அடித்து மிதவைகளைக் கரையேற்றி வைத்திருக்கும்போதும் ஐந்தாம் தேதி ஐந்தாம் தேதிதான். படகுக் குடும்பம் கைகொடுக்கும் என்று மண்டபத்துக்காரர் சொன்னார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக் காலத்தில் அந்த வீட்டிலேயே வருமானம் இருக்காது என்பதையும் அவரே பிறகு ஒப்புக்கொண்டார். மேலும், கம்பெனி என்றால் பொறுப்பு வரையறுக்கப்பட்டது என்று பாடப்புத்தகம் சொன்னாலும், இயக்குநர்களின் தனிப்பட்ட உத்தரவாதத்தை வங்கி கேட்கும். சோதனை தோற்றுப்போனால் முதலீட்டாளர் தம் பணத்தை இழந்து போய்விடுவார். வங்கியோ வீட்டுக்கு வரும். என்னிடம் கணக்கு வைத்திருந்த ஒருவர் பங்கு கொடுக்கவே மாட்டேன் என்று நின்று, முழுக்க முழுக்கக் கடனில் ஐஸ் ஆலை வைத்தார். நூறு சதவீதமும் அவரிடமே இருந்தது, ஆலை ஏலத்துக்கு வந்த அன்று வரை. அப்போது அந்தத் திட்ட அறிக்கையை எழுதிக் கொடுத்தவன் நான். தவணை அட்டவணையில் தடைக் காலத்தைக் கணக்கில் எடுக்காமல் பன்னிரண்டு மாதமும் ஒரே விற்பனை என்று போட்டிருந்தேன்.

முன்பணம் என்னும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அது தாய்ப்பால் போல. வெளிமாநில உர நிறுவனம் ஒன்று 30 லட்சம் முன்பணம் தந்து, மூன்றாண்டுக்கு மொத்தச் சாற்றையும் நிலையான விலைக்கு வாங்கிக்கொள்வதாகக் கேட்டிருந்தது. பங்கும் குறையாது, வட்டியும் இல்லை. சரக்குக்கு வாங்கிய முன்பணத்தை 365 நாளுக்குள் சரக்காகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் சட்டம் அதை வைப்புத்தொகையாகக் கருதும் என்பது ஒரு சிக்கல். பெரிய சிக்கல், பெயர் இல்லாமல் பீப்பாயில் விற்கும் நிறுவனத்துக்கு அடுத்த சுற்றில் யாரும் 15 கோடி மதிப்புப் போட மாட்டார்கள் என்பது. மண்டபத்துக்காரர் இதைக் கேட்டதும், "அப்பாவோட படகுக் கதைதான்" என்று சொல்லி அந்தத் தாளை மடித்து வைத்துவிட்டார்.

உறவினர் பணம் எங்கள் பகுதியில் தனி வகை. கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டி போன்ற ஊர்களில் வட்டியை விரும்பாத குடும்பங்கள், ஒருவர் பணம் போட மற்றவர் உழைக்க, லாபத்தில் பங்கு என்று தலைமுறை தலைமுறையாகத் தொழில் செய்து வந்திருக்கின்றன. உச்சிப்புளிக்காரரின் பள்ளித் தோழர்கள் நான்கைந்து பேர் வளைகுடாவில் இருந்தார்கள். ஆளுக்கு ஐந்து லட்சம் தர அணியமாக இருந்தார்கள். நல்ல மனம், பேரம் பேச மாட்டார்கள். ஆனால் அவர்கள் ஒவ்வொருவரும் பங்குதாரராக ஏறினால், பின்னால் ஒவ்வொரு சம்மதக் கடிதத்துக்கும் துபாய், ரியாத் என்று கையெழுத்துக்கு அலைய வேண்டும். வெளிநாட்டு இந்தியர் திருப்பி எடுத்துச் செல்லாத அடிப்படையில் முதலீடு செய்தால் அது உள்நாட்டு முதலீட்டுக்குச் சமமாகக் கருதப்படும். திருப்பி எடுத்துச் செல்லும் அடிப்படையில் என்றால் பங்கு ஒதுக்கிய 30 நாளுக்குள் ரிசர்வ் வங்கிக்கு அறிக்கை போக வேண்டும். யார் எந்த அடிப்படையில் என்று முதலிலேயே எழுதி வாங்காமல் பணத்தை வாங்கிப் போட்டுக்கொண்டவர்கள் பிறகு என் மேசைக்குத்தான் வருகிறார்கள்.

அரசு நிதியில், 2021இல் தொடங்கிய ஸ்டார்ட்அப் இந்தியா விதை நிதித் திட்டம் முன்மாதிரி, சோதனை ஆகியவற்றுக்கு 20 லட்சம் வரை மானியம் என்று வகுத்திருந்தது. பங்கு கேட்காத பணம் என்பதால் எந்த ஒப்பீட்டிலும் அது முதலில் நிற்கும். கிடைக்கும் நாளைத்தான் நம்பித் திட்டம் போட முடியாது. இருவரும் இன்குபேட்டர், அதாவது புது நிறுவனங்களை வளர்த்துவிடும் மையம், வழியாக விண்ணப்பித்துவிட்டு அதை மறந்துவிடும்படி சொன்னேன்.

யாரிடமும் எதுவும் வாங்காமல் வளர்வது பற்றியும் பேச்சு வந்தது. தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வந்தால் ஸோஹோவின் பெயர் வராமல் போகாது. 1996இல் தொடங்கி வெளி முதலீடே வாங்காமல் வளர்ந்த நிறுவனம் அது. அதற்கு எதிர்முனையில் 2010இல் சென்னையில் தொடங்கிய ஃபிரெஷ்வொர்க்ஸ். பல சுற்று முதலீடு வாங்கி 2021 செப்டம்பரில் நாஸ்டாக்கில் பட்டியலானது. அப்போது நிறுவனர் கிரிஷ் மாத்ருபூதத்தின் பங்கு பத்து சதவீதத்துக்கும் கீழே. அதைக் கண்டு இரங்கியவர் யாரும் இருந்ததாகத் தெரியவில்லை. இரண்டும் மென்பொருள். மென்பொருளுக்கு உலர்களம் வேண்டாம், கச்சான் காற்று தெரியாது. எடுத்துக்காட்டாகச் சொல்லலாம், அளவுகோலாகக் கொள்ள முடியாது.

என் தீர்ப்பு, செலவின் தன்மைக்கு ஏற்றபடி பணத்தின் தன்மையைப் பிரிப்பது. திரும்ப விற்கக்கூடிய இயந்திரத்துக்குப் பங்கை விற்பது வீண். தோற்றால் ஒன்றுமே மிஞ்சாத சோதனைக்குக் கடன் வாங்குவது ஆபத்து. 60 லட்சத்தில் 6 லட்சம் கைப்பணம், 54 லட்சம் நீட்ஸ் வழியில் கடன். 40 லட்சம் மட்டும் பங்கு. தொகை குறைந்ததும் முதலீட்டாளருக்கு முகம் சுருங்கியது, மதிப்பை 3.60 கோடிக்கு இறக்கினார். இறக்கட்டும் என்றேன். 40 லட்சத்துக்குச் சரியாகப் பத்து சதவீதம், ஊழியர் ஒதுக்கீடு ஐந்து, நிறுவனர்களிடம் 85. இதே 15 கோடி, 5 கோடிச் சுற்று பின்னால் வந்தால் அவர்களிடம் 63.75 நிற்கும், முதல் வழியில் 52.5. விலையில் விட்டுக்கொடுத்ததற்கு ஈடாக மூன்றைக் கேட்டோம்: முழு ராட்செட்டுக்குப் பதில் எடையிட்ட சராசரி, போட்டதை மட்டும் முதலில் எடுத்துக்கொள்ளும் விதி, சம்மதப் பட்டியலிலிருந்து வங்கிக் கடனை நீக்குதல். முதலிரண்டுக்கும் உடனே ஒப்புக்கொண்டார். மூன்றாவதற்கு இரண்டு வாரம் இழுத்து, 75 லட்சம் வரை கேட்க வேண்டாம் என்று முடித்தார்.

பணம் வந்ததும் செலவழிக்கத் துடித்தார்கள். பங்கு ஒதுக்கி, அதற்கான படிவத்தைக் கம்பெனிப் பதிவாளரிடம் தாக்கல் செய்யும் வரை அந்தப் பணத்தைத் தொடக் கூடாது என்று தடுத்தேன். பன்னிரண்டு நாள் தனிக் கணக்கில் கிடந்தது. வங்கியோடு பேச்சு அதைவிட நீண்டது. மாதம் 1.17 லட்சம் என்ற தவணையை அறுவடையைப் பார்த்துக் காலாண்டுத் தவணையாக்கித் தர மேலாளர் முதலில் மறுத்தார். மூன்று பருவத்துப் பாசி வரத்தை எழுதி வைத்திருந்த மண்டபத்துக்காரரின் நோட்டைக் காட்டிய பிறகு மேலிடத்துக்கு எழுதினார். உப்புக் கறை படிந்த அந்த நோட்டில் தேதியும் எடையும் காற்றின் பெயரும் மட்டும்தான் இருந்தன. முதல் தவணை, வாடை ஓய்ந்த பிறகு, பிப்ரவரி கடைசியில் என்று ஆணை வந்தது.